வேக வரம்பு எதைக் களைகிறது? விலங்குத் தடத் தரவில் விலகிய புள்ளிகள்

விலங்கின் உடலில் பொருத்திய கருவி தரும் இடக்குறிப்புகளில் நம்ப முடியாதவை சில கலந்தே வரும். அவற்றைக் களைய ஆய்வாளர்கள் பெரிதும் நாடுவது வேக வரம்பை: இரண்டு புள்ளிகளுக்கு இடையே அந்த விலங்கால் இயலாத வேகம் தேவைப்பட்டால் புள்ளியை நீக்கிவிடுவது. யானை சீல்களின் தடங்களுக்காக மெக்கானலும் அவருடைய சகாக்களும் 1992இல் முன்வைத்த வடிகட்டி, முன்னிரண்டு பின்னிரண்டு புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பதால் எளிய வடிவத்தைவிட நிதானமானது. ஆயினும் விலகிய புள்ளியைத் தீர்மானிக்க வேகத்தை மட்டும் நம்புவது சரியன்று என்பதே என் வாதம்; பிழை எப்படிப் பிறந்தது என்பதிலிருந்தே அந்தத் தீர்ப்பு தொடங்க வேண்டும்.

செயற்கைக்கோள் வழி இடமறியும் ஆர்கோஸ் முறையில் பிழை பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள் கடந்து செல்லும்போது பதிவாகும் டாப்ளர் மாற்றத்திலிருந்து இடம் கணிக்கப்படுகிறது. இக்கணக்குக்குச் செயற்கைக்கோள் தடத்தின் இருபுறமும் ஒவ்வொரு விடை உண்டு. தவறானது தேர்வானால் புள்ளி வெகுதூரம் தள்ளி விழும். புள்ளிகள் நம்பகத்தன்மைப்படி தர வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன: 3ஆம் வகுப்பின் பிழை 250 மீட்டருக்குள் இருக்கும் என மதிப்பிடப்படுகிறது, 0 வகுப்பில் 1500 மீட்டரைத் தாண்டும். ஏ, பி வகுப்புகளுக்குப் பழைய கணிப்பு முறையில் மதிப்பீடே கிடையாது. பெரும்பொழுதை நீருக்கடியில் கழிக்கும் சீல், செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருக்கும் சில நிமிடங்களில் மிகச் சில சமிக்ஞைகளே அனுப்ப முடிவதால், அதன் தடத்தில் இந்த வகுப்புகளே மிகுதி.

இனி ஒரு கணக்கு. அசையாமல் கிடக்கும் சீலின் இரண்டு புள்ளிகள் எதிரெதிர்த் திசையில் ஒவ்வொரு கிலோமீட்டர் பிழைபட்டு, ஐந்து நிமிட இடைவெளியில் பதிவாகின்றன என்று கொள்வோம். கணித்த வேகம் விநாடிக்கு 6.7 மீட்டர், வரம்பு 2 மீட்டரானால் புள்ளி நீக்கப்படும். அதே பிழைகள் ஆறு மணி நேர இடைவெளியில் நேர்ந்தால் வேகம் 0.09 மீட்டர்தான். ஒரு நாள் இடைவெளியில் 100 கிலோமீட்டர் பிழை வந்தாலும் வேகம் 1.16 மீட்டரைத் தாண்டாது. சிறு பிழை தண்டிக்கப்பட, பெரும்பிழை தடையின்றி நுழைகிறது. வேக வடிகட்டி பிழையின் அளவைவிடப் பதிவின் இடைவெளியையே அதிகம் அளக்கிறது என்பது இதிலிருந்து புலப்படும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 2008இல் ஃப்ரெய்டாஸ் குழுவினர் திருப்பக் கோணத்தையும் தொலைவையும் சேர்த்தனர்: வெகுதூரம் போய்க் கூர்கோணத்தில் திரும்பும் முட்கள் நீக்கப்படும். ஆனால் கூட்டிலிருந்து கடலுக்குப் போய் இரைதேடித் திரும்பும் பறவையின் பயணமும், பதிவுகள் அருகியிருந்தால், அதே முள்ளாகத்தான் தெரியும்.

அரிய நடத்தையைக் காப்பது எது? 2007இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு ஏறத்தாழ 11,700 கிலோமீட்டரை எட்டு நாளில் இறங்காமல் கடந்த பட்டைவால் மூக்கன் என்ற பறவையின் பயணத்தை நம்ப வைத்தது, வழிநெடுக ஒன்றையொன்று தாங்கி நின்ற புள்ளிகளே. மெய்யான விநோதத்துக்குப் பெரும்பாலும் இப்படித் துணை இருக்கும். ஜான்சனும் சகாக்களும் 2005இல் விளக்கிய, நகர்வையும் அளவீட்டுப் பிழையையும் பிரித்துப் பார்க்கும் நிலைவெளி மாதிரி இந்தத் துணையையே எடைபோடுகிறது: தடித்த வால் கொண்ட, அதாவது பெரும்பிழைக்கும் இடம் தரும், டி-பரவலால் பிழையை வருணித்து, ஐயத்துக்குரிய புள்ளியை வெட்டாமல் அதன் செல்வாக்கைக் குறைக்கிறது.

மாதிரிக்கும் ஊகங்கள் உண்டு, வரம்போ வெளிப்படையானது, எவரும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்று மறுப்பர். வெளிப்படைத்தன்மை மதிக்கத்தக்கதுதான். ஆனால் 2 மீட்டர் என்ற எண்ணும் ஓர் ஊகமே. வரம்பை மாற்றினால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டாத கட்டுரையில் அது மறைந்தே கிடக்கிறது. ஒரே தவறான புள்ளி வாழிட எல்லைப் பலகோணத்தை ஊதிவிடும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது; அத்தகைய கணிப்புக்கு முன் நீக்குவது தேவையே. நீக்கும்போது மூலத் தரவில் கைவைக்காமல் காரணத்தைக் குறியிட்டு வைத்தால் போதும். மிகக் கடினமானது கடைசி மறுப்பு: பிழைகளும் சில வேளை ஒன்றையொன்று தாங்கும். அடர்ந்த மரக்கூரையின் கீழ் ஜிபிஎஸ் புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் சாயக்கூடும்; அங்கே டி-பரவலும் ஏமாறும். இடக்குறிப்புகளை மட்டும் வைத்து அதைத் தீர்க்க இயலாது. அதே கருவி பதிவுசெய்யும் ஆழம், வெப்பநிலை, உடலசைவு ஆகியவற்றோடு ஒப்பிட்டே தீர்க்க முடியும்.