கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) என்பது கவனச் சிதறல், ஓயாத இயக்கம், விளைவை எண்ணாது செயற்படும் போக்கு ஆகியவை வயதுக்குப் பொருந்தாத அளவில் இளமையிலேயே தோன்றி, வீடு, பள்ளி, பணியிடம் எனப் பல சூழல்களிலும் நீடித்து வாழ்க்கையைப் பாதிக்கும் நரம்பு வளர்ச்சிக் கோளாறாகும். உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும் வளர்ந்தோரில் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கும் இது இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். இதற்கான மருந்து தற்செயலாகக் கிடைத்தது. அதன் செயல்முறை பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே விளங்கத் தொடங்கியது.

தொடக்ககால விவரிப்புகள்

ஜெர்மானிய மருத்துவர் மெல்கியோர் ஆடம் வைகார்ட் 1775-இலும் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இலும் மனம் ஒன்றில் நிலைகொள்ளாமையை மருத்துவ நூல்களில் ஆராய்ந்தனர். அது பிறவியிலேயே அமையக்கூடும் என்றும் வயது ஏறும்போது குறையலாம் என்றும் கிரைட்டன் கருதினார். 1902-இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் உரையாற்றிய ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டில், அறிவுத்திறன் குன்றாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளை விவரித்து, அந்நிலையை ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை என வகுத்தபோதும், வளர்ப்பை மட்டும் பழிக்காமல் உடல்சார்ந்த காரணங்களையும் தேடினார். முதல் உலகப் போரையொட்டிப் பரவிய உறக்க மூளையழற்சியிலிருந்து மீண்ட குழந்தைகள் பலரிடம் அமைதியின்மை தென்பட்டதால், மூளைச் சிதைவே காரணம் என்ற கருத்து வலுப்பெற்று, சிதைவின் தடயமே இல்லாத குழந்தைகளுக்கும் பின்னாளில் நீட்டிக்கப்பட்டது.

மருந்தின் வருகை

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் குழந்தைகளுக்கான மனநல இல்லமொன்றை நடத்திய சார்லஸ் பிராட்லி, மூளையைச் சூழ்ந்த நீரை அகற்றிக் காற்றைச் செலுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படத்தால் விளைந்த தலைவலியைத் தணிக்க, பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையாவிடினும் குழந்தைகள் பாடங்களில் ஈடுபாடு காட்டியதால், 30 குழந்தைகளிடம் அதனைச் சோதித்து, 14 பேரின் படிப்பு வியக்கத்தக்க வகையில் மேம்பட்டதை 1937-இல் வெளியிட்டார். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கிய மெத்தில்ஃபெனிடேட், 1950களில் ரிட்டலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளில் டோபமைன், நார்அட்ரினலின் என்னும் வேதித்தூதுகள் மீள உறிஞ்சப்படுவதை அது தடுப்பது மிகப் பின்னரே புலனாயிற்று.

வரையறையின் மாற்றங்கள்

1968-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதனைக் குழந்தைப் பருவ மிகையியக்க எதிர்வினையாகச் சேர்த்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ், இயக்கத்தைவிடக் கவனத்தையும் துடிப்படக்கத்தையும் பற்றிய குறைகளே அடிப்படை என 1972-இல் வாதிட்டதன் தாக்கத்தால், 1980-ஆம் ஆண்டுப் பதிப்பு கவனக்குறைவை முன்னிறுத்தியது. இதனால் ஓடியாடாமல் கனவில் ஆழ்ந்தவர்போல் அமர்ந்திருக்கும் குழந்தைகளும், குறிப்பாகச் சிறுமிகளும், கண்டறியப்பட வழி பிறந்தது. வளர்ந்தால் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை யூட்டா பல்கலைக்கழகத்தின் பால் வெண்டர் முதலியோரின் ஆய்வுகள் 1970களிலேயே அசைத்தன. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, அறிகுறிகள் 12 வயதுக்குள் தோன்றியிருந்தால் போதும் என்றும், 17 வயது நிறைந்தோருக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகளே போதும் என்றும் வகுத்தது.

இன்றைய சிகிச்சை

579 குழந்தைகளைக் கொண்டு 14 மாதங்கள் நடந்து 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நுணுக்கமாக அளவு சரிசெய்யப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட அடிப்படை அறிகுறிகளை மிகுதியாகக் குறைத்தது. ஆயினும் மூன்றாண்டுகளின் முடிவில் குழுக்களுக்கிடையிலான வேறுபாடு மறைந்ததால், தொடர் கண்காணிப்பின் தேவை உணரப்பட்டது. பசிக்குறைவு, தூக்கமின்மை போன்ற பக்கவிளைவுகள் கவனிக்கப்படுகின்றன. ஊக்க மருந்து ஒவ்வாதோருக்கு அட்டோமாக்சிடின் போன்றவை உதவுகின்றன. ஆறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சி முதலிடம் பெறுகிறது. வளர்ந்தோருக்கு மருந்துடன் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையும் பயன்படுகிறது. மரபின் பங்கு மிகப் பெரிது என இரட்டையர் ஆய்வுகள் காட்டியபோதிலும், இதனை உறுதிசெய்யும் குருதிச் சோதனையோ மூளைப் படமோ இல்லை என்பதால், குடும்பத்தார், ஆசிரியர், நோயர் ஆகியோர் கூறும் வரலாற்றைக் கொண்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.