பேரல் மேல ஒரு பெயர்: லாங்ரைஃபிள் செய்யும் கையை நம்புவது எப்படி?

இன்னைக்கு எபிசோட் ஒரு பழைய துப்பாக்கியைப் பத்தினது. ஆனா உண்மையில பேசப்போறது, அதைச் செய்யுற ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எதை வெச்சு நம்புறது என்பதைப் பத்தி.

2018-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பழம்பொருள் வியாபாரி, ஒரு பழைய கொட்டகையில் நடந்த விற்பனையில் அழுக்கேறிய ரைஃபிள் ஒன்றை வாங்கினார். நம்ம காலத்துல யாரோ செஞ்ச நகல்னுதான் முதல்ல நினைச்சார். அசல் எல்லாம் இப்படிக் கொட்டகையில கிடைக்காதே! ஆனா அது அசல். 1775-ல் கிறிஸ்டியன் ஓர்ட்டர் என்ற கைவினைஞர் செய்து, தன் பெயரையும் வருஷத்தையும் பொறித்தது. 1971-ல் வேலி ஃபோர்ஜ் பூங்காவின் காட்சிக்கூடத்திலிருந்து திருடு போனது. கடைசியில் 2019-ல் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

இதுல கவனிக்க வேண்டியது அந்த முதல் சந்தேகம். விவரம் தெரிஞ்ச ஒருத்தருக்கு 240 வருஷப் பழசைப் பாத்து 'புதுசு'ன்னு தோணலாம்னா, அந்த அளவுக்குச் செய்யுறவங்க இன்னைக்கும் இருக்காங்கன்னுதானே அர்த்தம்? இருக்காங்க. ஆர்டர் கொடுத்துட்டு வருஷக்கணக்குல காத்திருக்கிறவங்களும் இருக்காங்க.

சரி, லாங்ரைஃபிள்னா என்ன? 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் துப்பாக்கிக் கொல்லர்கள் பென்சில்வேனியாவுக்குக் குடியேறினார்கள். அவர்கள் ஊரில் 'யேகர்' என்று ஒரு வேட்டை ரைஃபிள் உண்டு. குட்டையானது, பெரிய குண்டு போடுவது. பேரலுக்கு உள்ளே சுருள் பள்ளங்கள் இருப்பதால் குண்டு சுழன்றுகொண்டே போகும், குறி தப்பாது. புது நாட்டில் காடு பெருசு, கடை தூரம். அதனால பேரல் 42 அங்குலத்துக்கும் மேல நீண்டது, குண்டு சிறுத்தது. கணக்கு சிம்பிள்: ஒரு பவுண்டு ஈயத்துல 0.62 அங்குலக் குண்டு சுமார் 20 தேறும். 0.49 அங்குலம்னா கிட்டத்தட்ட 40. முதுகில் சுமக்கும் அதே ஈயத்துக்கு ரெண்டு மடங்கு வேட்டை.

அந்தக் காலத்து வாடிக்கையாளர் எப்படி ஆள் பிடிச்சார்? பெரும்பாலும் நடந்துபோற தூரத்துல யார் இருக்காங்களோ அவர்தான். லங்காஸ்டர் பக்கம்னா ஜேக்கப் டிக்கர்ட் மாதிரி ஒருத்தர். நாசரேத் பக்கம்னா மொரேவியன் கிறிஸ்தவர்களின் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறை. ஓர்ட்டர் அங்கேதான் வேலை செய்தார். வாங்கியவர்கள் வெள்ளைக் குடியேறிகள் மட்டுமில்லை. டெலவேர், ஷானி பழங்குடி வேட்டைக்காரர்களும் ரைஃபிளை ஆரம்பத்திலேயே விரும்பி எடுத்துக்கிட்டாங்க. ஷமோகின் என்ற ஊரில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்க ஒரு கொல்லர் வேணும்னு பழங்குடித் தலைவர் ஷிகெல்லமி கேட்க, 1747-ல் மொரேவியர்கள் அங்கே ஒரு பட்டறையே போட்டார்கள். பின்னாடி அதே மக்களின் நிலத்தைப் பறித்த சண்டைகளிலும் இதே ரைஃபிள்தான் இருந்தது. அழகான பொருள்தான், ஆனா அதோட வரலாறு முழுக்க அழகு இல்லை.

இப்போ நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். பேரல்ங்கிறது, பட்டை இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுத்தி வளைச்சு, விளிம்பு ரெண்டும் ஒட்டுற வரைக்கும் அடிச்சுச் செய்யுற குழாய். அந்த ஒட்டு எங்கேயாவது சரியா பிடிக்கலைன்னா வெளியில் தெரியாது. வெடிக்கும்போதுதான் தெரியும், அதுவும் உங்க முகத்துக்குப் பக்கத்துல. வாங்குறவரால இதைச் சோதிச்சுப் பார்க்க வழி ரொம்பக் குறைவு. அவர்கிட்ட இருந்தது பேரல் மேல பொறிச்ச ஒரு பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அதே ஊர்லதான் இருக்கார், அதே சர்ச்சுக்குத்தான் வர்றார். தப்பு செஞ்சா ஊரே பேசும். அந்த ஊர்ப்பேச்சுதான் வாரன்ட்டி.

19-ஆம் நூற்றாண்டு இதை மாத்துச்சு. 1820-களில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் ஜான் ஹால், எந்தப் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம்ங்கிற அளவுக்குத் துல்லியமா செய்து காட்டினார். ஒவ்வொரு பாகத்தையும் கேஜ் வெச்சு அளந்தாங்க. செஞ்சது யாருன்னு கேட்க வேண்டிய தேவையே போச்சு. நம்பிக்கை ஆள்கிட்ட இருந்து அளவுகோலுக்கு மாறுச்சு. என் வேலை மொத்தமும் இந்த ஐடியா மேலதான் ஓடுது, அதனால குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு ஒரு விலை இருந்தது. கைவேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போனாங்க.

பழைய ரைஃபிளில் சுடும் ஆர்வலர்கள் 1933-ல் ஒரு தேசிய சங்கம் தொடங்கினார்கள். 1960-களில் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரத்தில் வாலஸ் கஸ்லர் என்பவர் பழைய கருவிகளை மட்டும் வைத்து, இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கி முழு ரைஃபிளையும் செய்துகாட்டினார். அது டாக்குமென்டரியாகவும் வந்தது. சோர்ஸ் கோட் தொலைஞ்ச மென்பொருளை, ஓடுற புரோகிராமை மட்டும் பாத்துத் திரும்ப எழுதுற மாதிரி வேலை அது.

அப்போ இன்னைக்கு ஒருத்தர் தனக்குன்னு ஒரு ரைஃபிள் செய்யச் சொன்னா, ஆளை எப்படித் தேடணும்?

முதல்ல என்ன வேணும்னு தெளிவாகணும். 'பழைய மாடல்'னு சொன்னா பத்தாது. லங்காஸ்டர் ரைஃபிளின் கட்டை நேர்க்கோடாக இறங்கும். லீஹாய் பள்ளத்தாக்கு ரைஃபிளில் அது மெல்ல வளையும். டென்னசி மலைப்பக்கத்து ரைஃபிளில் பித்தளைக்குப் பதிலா இரும்பு, அலங்காரம் குறைவு. ஒவ்வொரு வட்டாரமும் ஒரு கையெழுத்து. லீஹாய் பாணியில் ஊறினவர்கிட்ட டென்னசி ரைஃபிள் கேட்கிறது ரெண்டு பேருக்கும் நல்லதில்லை. எது கேட்டாலும் 'செஞ்சுடலாம்'னு சொல்றவர்கிட்ட ஜாக்கிரதை.

ரெண்டாவது, போட்டோவை மட்டும் நம்பக்கூடாது. செதுக்கு வேலை போட்டோவில் தெரியும், எடை எப்படி உட்காருதுன்னு தெரியாது. 1996-ல் உருவான இன்றைய லாங்ரைஃபிள் கைவினைஞர்களின் சங்கம் கென்டக்கியின் லெக்சிங்டனில் வருஷாவருஷம் கண்காட்சி நடத்துது. அங்கே அவர் செஞ்சதைத் தோளில் வெச்சுப் பார்க்கலாம். மரமும் இரும்பும் சேருற இடத்துல இடைவெளி இருக்கா? மேப்பிள் கட்டையின் கோடு ஒரே ஓட்டமா போகுதா?

மூணாவது, எதை நீங்களே செய்யுறீங்க, எதை வாங்குறீங்கன்னு கேட்கணும். இன்னைக்குப் பலர் பேரலையும், பொறி தட்டும் லாக்கையும் அதுக்குன்னே இருக்கிறவங்ககிட்ட வாங்குறாங்க. இது ஏமாத்து வேலை இல்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே பல லாக்குகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவைதான். மறைச்சாத்தான் தப்பு.

கடைசியா, உங்க கை நீளம், இடதுகைப் பழக்கம் இதையெல்லாம் அவர் கேட்கிறாரா? விலை, முன்பணம், காத்திருக்க வேண்டிய காலம் எல்லாம் எழுத்துல இருக்கா? போன தடவை வாங்கினவரோட பேச விடுறாரா?

பாத்தீங்கன்னா, இந்தக் கேள்விகளில் பாதி துப்பாக்கியைப் பத்தினது இல்லை, ஆளைப் பத்தினது. கேஜ் வெச்சு அளக்க முடியாத இடத்துல, இன்னைக்கும் அந்தப் பழைய வாரன்ட்டிதான் மிச்சம்: தன் பெயரைப் பொறிக்கத் தயங்காத ஒரு ஆள், அவரைத் தெரிஞ்ச நாலு பேர்.