நூற்றில் ஒன்று

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு வருகிறதா? சிலருக்கு வராது. பிறவியிலேயே அந்தத் தசைநாண் இருக்காது. அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. எடுத்துவிட்டாலும் கைக்கு நஷ்டமில்லை என்பதால்தான் 1974இல் ஒரு டாக்டரின் கண் அதன்மேல் விழுந்தது.

அந்த வருடம் ஜூலை 17. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிட்சர் டாமி ஜான், மான்ட்ரியல் அணிக்கு எதிராகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். வயது 31. அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. ஒரு பந்தை வீசும்போது முழங்கையில் என்னவோ ஆனது. இன்னொன்று வீசிப் பார்த்துவிட்டு வெளியேறிவிட்டார்.

போனது முழங்கையின் உள்பக்கத்து லிகமென்ட். நம்ம ஊரில் “ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்போமே, அதுதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் தீவிரம் சட்டென்று பிடிபடாது. நம் பவுலர் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் ‘த்ரோ’ என்று குற்றம். பேஸ்பாலில் த்ரோதான் ஆட்டமே. கையைப் பின்னால் சாய்த்து, சாட்டை சொடுக்குவதுபோல வீசுகிறார்கள். ஒவ்வொரு வீச்சிலும் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். அந்தச் சின்ன நார்தான் இழுத்துப் பிடித்திருக்கும்.

அது விட்டுப்போனால் அன்றைக்குக் கதை முடிந்தது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலம். “கை செத்துப்போச்சு” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதே டாட்ஜர்ஸின் சாண்டி கோஃபாக்ஸ், 1966இல் 27 ஆட்டங்களை வென்ற கையோடு, மூட்டுவாதம் பிடித்த முழங்கையால் 30 வயதில் ஓய்வுபெற்றார்.

அணியின் டாக்டர் ஃப்ராங்க் ஜோப். தசைநாணை எடுத்து வேறிடத்தில் வைத்துத் தைப்பது அவருடைய கண்டுபிடிப்பு கிடையாது. கை அறுவை சிகிச்சையிலும் போலியோ நோயாளிகளுக்கும் ஏற்கெனவே செய்துவந்தார்கள். பந்து வீசுகிற முழங்கையில் செய்து, அந்த ஆளைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்புவதுதான் புதிது. பலிக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்றார் ஜோப். செய்யாவிட்டால் அந்த ஒன்றுகூட இல்லை. ஜான் சம்மதித்தார்.

செப்டம்பர் 25. வலது முன்கையிலிருந்து நான் மேலே சொன்ன கயிற்றை எடுத்து, இடது முழங்கையின் இரண்டு எலும்புகளிலும் துளை போட்டு, எட்டு வடிவத்தில் கோத்தார் ஜோப். வெற்றி மாதிரியே தெரியவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிக்கொண்டன. டிசம்பரில் மறுபடி கத்தி. 1975 முழுக்க ஆட்டமே இல்லை. எனக்கு இந்தக் கதையில் ஆபரேஷனைவிட அந்த வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. இன்றைய ஆட்டக்காரருக்கு என்றைக்குப் பந்தைத் தொடலாம், எத்தனை அடி தூரம் வீசலாம் என்று அட்டவணையே உண்டு. ஜானுக்கு முன்னால் போய்வந்தவர் ஒருவரும் இல்லை.

1976இல் திரும்பினார்: 10 வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருடம் 20 வெற்றி. 46 வயதுவரை, 1989 வரைக்கும் வீசினார். மொத்தம் 288 வெற்றி. அதில் 164 ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. சிகிச்சைக்கு டாக்டர் பெயர் வைப்பதுதான் வழக்கம். இதற்கு நோயாளியின் பெயர் நின்றுவிட்டது: ‘டாமி ஜான் சர்ஜரி’. சரியான பெயர்தான். தைத்ததோடு ஜோப் வேலை முடிந்தது. அது தாங்குமா என்று தன் கையை வைத்துச் சோதித்தவர் ஜான்.

அந்த நூற்றில் ஒன்று, பிறகு பெரும்பாலும் பலிக்கிற சிகிச்சையாக மாறியது. கூடவே பயமும் போய்விட்டது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேலானவர்கள் 15 முதல் 19 வயதுக்காரர்கள். வருடம் முழுக்க ஓய்வில்லாமல், இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று வீசுகிற பள்ளிப் பையன்கள். புதுக் கயிறு போட்டால் வேகம் கூடும் என்று நம்பி, ஜவ்வு நன்றாக இருக்கும்போதே ஆபரேஷன் கேட்டு வருகிற பெற்றோரும் உண்டு. கூடாது. ஒரு வருடத்துக்கும் மேலே ஒழுங்காகச் செய்கிற பயிற்சியில் உடம்பு தேறுகிறது. பெயரைக் கயிறு வாங்கிக்கொள்கிறது.

ஜானின் மகனுக்கும் அப்பா பெயர்தான், டாமி ஜான். அவரும் பிட்சராக இருந்தவர். பிறகு கைரோபிராக்டர் ஆனார். பிள்ளைகளைக் காயம்படாமல் விளையாட வைப்பது எப்படி என்று பெற்றோருக்காக 2018இல் ஒரு புத்தகம் எழுதினார். அட்டையில் இருப்பது, அந்த ஆபரேஷனின் பெயர்.