மின்னஞ்சல் ஏன் திரும்பி வருகிறது? அலுவலகங்கள் கவனிக்க வேண்டியவை

கூலிம் தொழிற்சாலைக்குக் கொட்டேஷன் அனுப்பும் சிறு குத்தகையாளர், சுங்கைப்பட்டாணியில் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், தலைமை அலுவலகத்துக்குச் சம்பளக் கணக்கு அனுப்பும் தோட்டக் கிராணி ஆகிய மூவருக்கும் இறுதி நாள் உண்டு. மின்னஞ்சல் போய்ச் சேராவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

எண்ணைப் பாருங்கள்

அஞ்சல் சேராதபோது 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' அல்லது 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஓர் அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் அழிக்க வேண்டாம். அதிலுள்ள எண் 4இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. சர்வரே சில நாள்கள் வரை மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் அது மறுப்பு. காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபடி அனுப்பிப் பயனில்லை.

அடிக்கடி வரும் காரணங்கள்

* 5.1.1: அந்த முகவரியே இல்லை. ஓர் எழுத்து பிசகினாலும் இது வரும். வேலையை விட்டுச் சென்றவரின் முகவரிக்கு அனுப்பினாலும் வரும்.

* 5.2.2: பெறுபவரின் அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது. இலவச ஜிமெயில் கணக்குக்கு 15 ஜிபி இடம்தான். கூகுள் டிரைவ், போட்டோஸ் இரண்டும் அதே இடத்தைப் பயன்படுத்துகின்றன. அலுவலகக் கணக்கில் கைப்பேசிப் படங்கள் சேர்ந்தால் அஞ்சல் வருவது நின்றுவிடும்.

* 5.7.26: அனுப்புநர் யார் என்பது உறுதியாகவில்லை. சொந்த டொமைன் வைத்துள்ள நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

* இணைப்பின் அளவு: ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் இணைக்கலாம். பெரிய கோப்புகளை டிரைவ் சுட்டியாக அனுப்புவது நல்லது.

சொந்த டொமைன் வைத்திருப்போருக்கு

நம் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் பதிவு சொல்கிறது. டிகிம், ஒவ்வோர் அஞ்சலிலும் மின்கையொப்பம் இடுகிறது. இரண்டும் பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் எல்லாருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது தேவை. ஒரு நாளில் 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம்.

மின்னஞ்சல் சேவையை மாற்றும்போது எஸ்பிஎஃப் பதிவையும் மாற்றுங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். டொமைனைப் புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள். அது காலாவதியானால் அலுவலகத்தின் எல்லா அஞ்சலும் நின்றுவிடும்.

அறிவிப்பு வரவில்லை என்பதால் அஞ்சல் சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அது பெறுபவரின் 'ஸ்பாம்' பெட்டியில் கிடக்கலாம். முக்கிய ஆவணங்களை இறுதி நாளுக்கு முன்பே அனுப்பி, தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.