கண்டியரசன் மைந்தனும் கோணமலைத் துறையும்

கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் சந்நிதிக்குச் செல்லும் அன்பர்கள் யாவரும் அக்கோட்டையின் பிறப்பை அறிவர். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா நம் பெருங்கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே 1624-ஆம் ஆண்டளவில் அதனை எழுப்பினான். அக்காலத்திற் கண்டியை ஆண்டவன் செனரத். பறங்கியரோடு பல்லாண்டு பொருத வீரனாயினும், இத்துறையைக் காக்க அவனால் இயலவில்லை. 1620-இல் தென்மார்க்குக் கப்பல்கள் இங்கு வந்தும் பயன் விளையவில்லை.

தந்தையால் முடியாததை மைந்தன் இராஜசிங்கன் தொடங்கினான். 1630-இல் ஊவாவிலுள்ள றந்தெனிவெலவில், இளவரசனாயிருந்த அவனும் சகோதரரும் நடத்திய படை த சாவை வளைத்துக்கொண்டது. பறங்கிப் படையிலிருந்த சிங்களத் தலைவர்கள் இப்பக்கம் சேர்ந்தனர். நம் கோயிலை இடித்தவன் அக்களத்திலேயே மாண்டான். 1635-இல் முடிசூடிய இராஜசிங்கன், 1638 மார்ச்சு 28-இல் கன்னொறுவையில் மற்றொரு பறங்கிப் படையையும் அடியோடு அழித்தான்.

வாளில் வல்லவனுக்குக் கப்பல் இல்லை. துறைகளைப் பிடிக்க ஒல்லாந்தரை நாடினான். 1638 மே மாதம் மட்டக்களப்பில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது அரசன் விரும்பினால் மட்டுமே என்பது அவன் கையிலிருந்த படியில் இருந்தது. ஒல்லாந்தர் படியிலோ அச்சொற்கள் இல்லை! நூறு போரின் பயனையும் விழுங்க இந்தச் சிறு வேறுபாடு போதுமானதாயிற்று என்பதே நம் கருத்து.

1639 மே மாதம் அந்தோனி கான் என்னும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் திருக்கோணமலையைப் பிடித்தான். மறு ஆண்டு இது அரசனிடம் ஒப்புவிக்கப்பட்டது. செனரத் இழந்த துறை மைந்தன் கைக்கு வந்தது. ஆனால் வருவாய் மிகுந்த காலியை ஒல்லாந்தர் விடவில்லை. 1656-இல் கொழும்பு வீழ்ந்தபோது அரசனுக்கு அதன் வாயிலையும் திறக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் இதனைச் சொல்வதுண்டு.

அதன்பின் அந்நியர் எவரையும் அவன் நம்பினானில்லை. 1660-இல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் மாலுமிகளைச் சிறைப்பிடித்தான். அவர்களுள் ஒருவனான றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பியோடி, இந்நாட்டைப்பற்றி நூலெழுதினான்.

குடிமக்களும் அவனது கடுமையைப் பொறுக்கவில்லை. 1664-இல் கலகம் மூண்டது. கலகத்தை அடக்கினாலும், அந்நெருக்கடியில் அவன் ஒல்லாந்தரிடமே உதவி கேட்க நேர்ந்தது. அதையே சாக்காகக் கொண்டு அவர்கள் 1665-இல் மீண்டும் நம் துறையிற் குடியேறினர். 1672-இல் கொட்டியாரத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரரை முதியவனான அரசன் ஆவலோடு வரவேற்றான்; ஒல்லாந்தர் அவர்களையும் துரத்திவிட்டனர். இராஜசிங்கன் 1687-இல் மறைந்தபோது கோட்டையில் ஒல்லாந்தர் கொடியே பறந்துகொண்டிருந்தது.