கடப்பாரை திறந்த ஊற்றுக்கண்

புனேயை அடுத்த போசரியில் மழை கொட்டும்போது எங்கள் பேஸ்மென்ட்டில் தண்ணீர் வராது. மழை விட்டு இரண்டு நாள் கழித்து, வெயில் தலைகாட்டிய பிறகுதான் வரும். தரையும் சுவரும் சேரும் மூலையில் முதலில் ஒரு ஈரக்கோடு தெரியும். மறுநாள் காலையில் வண்டிச் சக்கரம் பாதி நனைந்து நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் சிமென்ட் பூசினோம். அடுத்த ஜூலையில் அது பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்தது.

காரணம் காலடியில் இருந்தது. புனே வட்டாரத்தில் மேலே கரிசல், அதற்குக் கீழே மராத்தியில் முரூம் என்று சொல்லும் உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை. தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்களுக்கு இந்த அடுக்கு புதிதாக இருக்கும். மழைநீர் முரூம் வரை இறங்கும், பாறை அதற்கு மேல் விடாது. பாறையை வெட்டிப் பள்ளம் எடுத்து, அதற்குள் சுவர் எழுப்பி, சுற்றியுள்ள இடைவெளியை இடிபாட்டு மண்ணால் நிரப்பிவிட்டால், கல்தொட்டிக்குள் கட்டடத்தை இறக்கி வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. நாலாபுறத்து முரூமிலிருந்தும் நீர் மெல்ல நகர்ந்து அந்தத் தொட்டிக்கு வந்துசேரத்தான் அந்த இரண்டு நாள்.

வந்துசேர்ந்த நீர் சும்மா நிற்காது. ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய ஒரு டன் எடை அழுத்துகிறது. மூன்று மீட்டருக்கு மூன்று டன். உள்பக்கம் பூசிய சிமென்ட் பூச்சை இந்த அழுத்தம் பின்னாலிருந்து தள்ளுகிறது. பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எத்தனை ஆண்டு தாங்கும்?

நம் ஊர்க் கொத்தனாருக்கு 'பேஸ்மட்டம்' என்றால் தரைக்கு மேலே எழுப்புவது. மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க மூன்றடி, நாலடி உயர்த்திக் கட்டி, அதன்மேல் வீடு. அதே ஆங்கிலச் சொல் நகரத்தில் தரைக்குக் கீழே இறங்கிவிட்டது. உயரத்தில் ஏறி நீரை ஒதுக்கிய அனுபவம் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நீருக்குள் இறங்கி வாழும் அனுபவம் வேறிடத்தில், அதுவும் வீட்டில் இல்லாமல் வயலில் பிறந்தது.

இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் பிரின்ஸ்தோர்ப் என்னும் பண்ணை 1763இல் ஜோசப் எல்கிங்டன் என்ற விவசாயியின் கைக்கு வந்தது. நிலமெல்லாம் சதசதவென்று ஈரம். அதில் மேய்ந்த செம்மறிகள் நோய் கண்டு நூற்றுக்கணக்கில் செத்தன. 1764இல் எல்கிங்டன் நாலைந்தடி ஆழத்துக்கு ஒரு கால்வாய் வெட்டிப் பார்த்தார். ஈரம் குறையவில்லை. என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு நின்றபோது, ஆட்டுப் படல் நடுவதற்குக் குழி போடும் கடப்பாரையோடு வேலையாள் ஒருவர் அந்த வழியே வந்தார். எல்கிங்டன் அதை வாங்கி, வெட்டிய கால்வாயின் அடியில் இன்னும் நாலடி இறக்கி உருவினார். துளை வழியே நீர் பீறிட்டுக் கால்வாயில் ஓடியது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். வயல் ஈரமாக இருந்தது மேலிருந்து விழுந்த மழையால் அல்ல, அடியில் அடைபட்டு மேல்நோக்கி முட்டிய நீரால் என்பதை அவர் அந்தக் கணத்தில் கண்டுகொண்டார். முட்டும் நீருக்கு ஊற்றுக்கண்ணைத் திறந்துவிட்டால் அழுத்தம் விழுந்துவிடும், மேல்நிலம் காயும். பேஸ்மென்ட் சுவரைச் சுற்றி இன்று வைக்கும் வடிகால் செய்வதும் இதையேதான். முப்பது ஆண்டுகள் இதையே தொழிலாகச் செய்த எல்கிங்டனுக்கு 1795இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆயிரம் பவுண்டு பரிசளித்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் துளைக்கு உடல் கொடுக்கும் வேலை. ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித், வயல் முழுக்க வரிசையாக ஓடை வெட்டி உடைகல் நிரப்பி மண்ணால் மூடும் முறையை 1831இல் எழுதி வெளியிட்டார். கல் நிரப்பிய ஓடை நாளடைவில் மண்ணேறி அடைத்துக்கொள்ளும். அதற்கு விடை சுடுமண் குழாய். ஜான் ரீட் என்ற தோட்டக்காரர் செய்த உருளைக் குழாய்கள் 1843இல் டெர்பி வேளாண் கண்காட்சியில் வைக்கப்பட்டன. 1845இல் தாமஸ் ஸ்கிராக் அவற்றை வார்த்துத்தள்ளும் எந்திரம் செய்தார். குழாயில் துளை கிடையாது. துண்டு துண்டாக அடுத்தடுத்து வைப்பார்கள், இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்ள மயிரிழை இடுக்கில் நீர் நுழையும். கீழடியில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்களை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே மூட்டு இறுக்கம், நீர் வெளியே போய்விடக் கூடாது. இங்கே மூட்டு தளர்ச்சி, நீர் உள்ளே வர வேண்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்த ஜான் ஜான்ஸ்டன் நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா ஊரில் 1835இலேயே சுடுமண் வடிகால் ஓடுகளைத் தன் நிலத்தில் புதைக்கத் தொடங்கியிருந்தார். சட்டிபானையை மண்ணில் புதைக்கிறானே என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மொத்தம் 72 மைல் நீளத்துக்குப் புதைத்தார்.

வயலிலிருந்து வீட்டுக்கு இதை அழைத்துவந்த பெருமையில் பெரும்பங்கு ஹென்றி ஃப்ளாக் ஃபிரெஞ்ச் என்பவருக்கு. நியூ ஹாம்ப்ஷயரில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர், விவசாயத்தில் தீராத ஈடுபாடு கொண்டவர். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தில் அமர்ந்திருக்கும் பெரிய சிலையை வடிவமைத்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் இவருடைய மகன். தந்தை 1859இல் வெளியிட்ட பண்ணை வடிகால் நூலில், வீட்டு நிலவறைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உருளைக்கிழங்கும் ஆப்பிளும் குளிர்காலம் முழுக்க அந்த நிலவறைகளில்தான் கிடக்கும். அங்கே நீர் தேங்கினால் வீட்டுக்கே நோய். சுவருக்கு வெளியேயும் உள்ளேயும் வடிகால் வைக்கும் விதத்தை அந்த அத்தியாயத்தில் அவர் படம் போட்டுக் காட்டினார். 1859இல்! நாங்கள் ஆண்டுதோறும் பூச்சுக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. 'ஃபிரெஞ்ச் டிரெய்ன்' என்ற பெயருக்கும் பிரான்சு நாட்டுக்கும் தொடர்பில்லை, இவர் பெயரால் வந்தது என்றே பொதுவாகச் சொல்கிறார்கள்.

அடைப்பு என்ற பழைய தொல்லைக்கு மண் இயக்கவியலின் தந்தை கார்ல் டெர்சாகி 1920களில் கணக்கு வகுத்தார். வடிகட்டும் ஜல்லி நீரை விட வேண்டும், மண்துகளைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு ஜல்லியின் பருமனுக்கும் மண்ணின் பருமனுக்கும் இன்ன விகிதம் என்று அவர் காட்டினார். பிற்பாடு சுடுமண் இருந்த இடத்துக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் வந்தது. ஜல்லியைச் சுற்றிப் போர்த்தும் வடிகட்டித் துணியும் வந்தது. கரிசலின் மாவு போன்ற துகளுக்கு அந்தத் துணி இல்லாமல் முடியாது.

எங்கள் கட்டடத்தில் வெளிப்பக்கம் தோண்ட இடமில்லை. அதனால் உள்பக்கமே, சுவரோரமாக நாலு பக்கமும் தரையை வெட்டினோம். அஸ்திவாரத்துக்கு அடியிலிருக்கும் மண்ணைத் தொடக் கூடாது என்பதில் மேஸ்திரி கண்டிப்பாக இருந்தார். துணி விரித்து, கழுவிய முக்கால் அங்குல ஜல்லி கொட்டி, நாலங்குலத் துளைக்குழாயைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தார்கள். துளை மேலே இருந்தால் குழாய்க்கு அடியில் நீர் நின்றுகொண்டே இருக்கும், தரையை முட்டிக்கொண்டே இருக்கும். நூறடிக்கு ஓரடி வாட்டம் வருகிறதா என்று ரசமட்டக் குழாயைப் பிடித்து முழத்துக்கு முழம் பார்த்தார் அவர். வாட்டம் ஓரிடத்தில் பிசகினாலும் அங்கே வண்டல் தங்கும். சுவரின் அடியில் இருபதடிக்கு ஒன்றாகச் சிறு துளைகள் போட்டுக் குழாயின் பக்கம் திருப்பினார். முதல் துளையில் துரப்பணத்தை உருவியதும் கலங்கிய நீர் கைவிரல் கனத்துக்குப் பாய்ந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் அந்தக் கடப்பாரை உருவப்பட்ட கணத்தை நான் நேரில் பார்த்துவிட்டதாகவே அப்போது தோன்றியது.

அந்த ஜூலையிலும் மழை விட்ட இரண்டாம் நாள் நீர் வந்தது. குழாய் முடியும் மூலையில் வெட்டியிருந்த சம்ப் குழியில் விழுந்தது, மோட்டார் தானாக ஓடி மழைநீர்க் கால்வாய்க்குத் தள்ளியது. தரை காய்ந்து கிடந்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் நாலு மூலையிலும் உள்ள மூடிகளைத் திறந்து, தூரத்து மூலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறோம். அது சம்ப்புக்கு வந்துசேர எத்தனை நிமிடம் என்று சுவரிலேயே கரிக்கட்டையால் எழுதி வைக்கிறார் காவல்காரர்.