ஆயிரமாண்டு ஆட்சியும் திருச்சபையின் வாளும்

கிறிஸ்து திரும்பி வருமுன் பூமியை ஆளும் அதிகாரம் திருச்சபைக்கு உண்டா என்னும் வினா, வெளிப்படுத்தின விசேஷத்தின் 20ஆம் அதிகாரம் கூறும் ஆயிரமாண்டு ஆட்சியைச் சுற்றியே வளர்ந்தது. அந்த ஆட்சி திருச்சபையின் காலத்திலேயே நடந்துவருகிறது என 5ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அகஸ்தீன் விளக்கினார். லூத்தரன்களின் விசுவாச அறிக்கையாக 1530இல் வெளிவந்த ஆக்ஸ்பர்க் அறிக்கை, உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்தர்கள் உலக அரசைக் கைப்பற்றுவர் என்ற போதனையைக் கண்டித்தது. ஆயினும் 1534இல், விசுவாசத்தை அறிக்கையிட்ட பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் உரியது என்ற அனபாப்திஸ்துகளில் ஒரு பிரிவினர், ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைப் பிடித்து, அதைப் புதிய எருசலேம் என்று அறிவித்து, உடைமைகளைப் பொதுவாக்கி, லெய்டனைச் சேர்ந்த யான் என்பவரை அரசராக்கினர். முற்றுகையில் பசியால் வாடிய அந்நகரம் 1535 ஜூனில் வீழ்ந்தபோது, புதிய எருசலேம் என்ற வாக்குறுதியை நம்பி வந்த எளியோர் பட்ட துன்பமே இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. பின்னர் அனபாப்திஸ்து தலைவர் மென்னோ சைமன்ஸ், திருச்சபை வாளேந்தாமல் பாடுகளைச் சகித்துக் காத்திருக்க வேண்டும் என்று போதித்து, சிதறியோரைத் திரட்டினார்.